முந்நூறு மூட்டை நாற்பத்து நான்கு ஆன கதை

(மூன்றாம் ஆண்டு மாணவன், கணிப்பொறிப் பொறியியல் துறை)



மலர்க்குழு நண்பர் மூன்று நாளாக வகுப்பு வாசலிலேயே நின்று, "கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஒரு கட்டுரை வந்தே ஆகணும்" என்று சொல்லிவிட்டார். எனக்குக் கவிதை வராது. காதல் கவிதை சுத்தமாக வராது. அதனால் நான் செய்த ஒரு தவறைப் பற்றியே எழுதுகிறேன். சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் பாதி மூட்டைக் கணக்குத்தான்.

என் அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவார். ஆனால் எண்ணிக்கை தப்பாது. நான்கு கோடு போட்டுக் குறுக்கே ஒரு கோடு இழுத்தால் ஐந்து மூட்டை, ஒரு கட்டு. மண்டிச் சுவரில் கரியால் இப்படித்தான் கணக்கு நிற்கும். நான்கு பேர் சேர்ந்த கூட்டு வேலை. மூட்டைக்கு எட்டு ரூபாய். சனிக்கிழமை மொத்தமாக வாங்கி நான்காகப் பிரித்துக்கொள்வார்கள். அந்தச் சனிக்கிழமைதோறும் கணக்கப்பிள்ளையோடு ஒரு தகராறு நடக்கும். "இவனே படிக்கிறான்ல, இவன்கிட்டயே கணக்கைக் கொடுப்போம்" என்று மாமா ஒரு நாள் சொன்னார். மாமாவும் அந்த நால்வரில் ஒருவர்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜாவா பாடத்தில் அப்போதுதான் ஃபைலில் எழுதுவது, படிப்பது நடந்துகொண்டிருந்தது. லேபில் மதிப்பெண் பட்டியலை ஃபைலில் எழுதும் பயிற்சி செய்து சபாஷ் வாங்கியிருந்தேன். அதே புரோகிராமில் 'மதிப்பெண்' என்ற இடத்தில் 'மூட்டை' என்று மாற்றினேன். இரவு அப்பா சொல்லும் எண்ணை நோட்டில் குறித்துக்கொள்வேன், மறுநாள் லேபில் ஏற்றுவேன். வாரத்துக்கு ஒரு ஃபைல். சனிக்கிழமை அந்த ஃபைலைப் படித்துக் கூட்டி, ஆளுக்கு எவ்வளவு என்று திரையில் காட்டும். அதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பேன். மூன்று வாரம் ஒரு பைசா பிசகவில்லை. கணக்கப்பிள்ளையே சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் கொடுத்தாராம். அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

நான்காவது வாரம் அறுவடைக் காலம், லோடு அதிகம். அந்த வாரம் என் சீட்டு ஆளுக்கு 1,888 ரூபாய் என்றது. கணக்கப்பிள்ளை சீட்டைப் பார்த்து அதையே எண்ணிக் கொடுத்துவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்து பணத்தை மாடத்தில் வைத்துவிட்டு வெகுநேரம் பேசவே இல்லை.

"தம்பி, இந்த வாரம் ஆயிரத்து இருநூறுக்குக் கொறையாதுடா. தோள்பட்டை சொல்லுது. நாள்நாளா வாசி பாப்போம்."

லேபில் போய் ஒவ்வொரு நாளாகத் திரையில் வரவைத்தேன். திங்கள் 180. செவ்வாய் 210. புதன் 44. வியாழன் 150. வெள்ளி 240. சனி 120. அதை நோட்டில் எழுதிக்கொண்டு வந்து வாசித்தேன். புதன் என்றதும் அப்பா நிமிர்ந்தார்.

"புதங்கெழம சுவத்துல அறுபது கட்டு நிக்குது. ஒன் பொட்டி நாப்பத்தி நாலுங்குதா?"

அறுபது கட்டு என்றால் 300 மூட்டை. என் நோட்டிலும் 300 என்றுதான் என் கையாலேயே எழுதியிருந்தது. ஏற்றிய அன்று திரையிலும் 300 என்றே காட்டியது, அதை நான் பார்த்தேன். நான்கு பேருக்கும் ஆளுக்கு 512 ரூபாய் குறைந்திருந்தது. மாமா ஒன்றும் திட்டவில்லை. "படிச்ச புள்ள போட்ட கணக்கு, சரியாத்தான் இருக்கும்னு வாங்கிட்டோம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இனிமேல்தான் விஷயம். 300 எப்படி 44 ஆகும்? கை தவறி அழுத்தினால் 30 ஆகும், 3000 ஆகும். 44 எங்கிருந்து வந்தது? திங்கட்கிழமை எங்கள் சாரிடம் காட்டினேன். அவர் புரோகிராமைப் பார்க்கவே இல்லை. ஒரே கேள்விதான் கேட்டார். "ஃபைல் எத்தனை பைட் இருக்கு?" பார்த்தேன். ஆறு பைட். ஆறு நாள், ஆறு பைட். "ஒரு நாளுக்கு எத்தனை பைட் வருது? ஒரு பைட்ல எவ்வளவு கொள்ளும்?" என்று கேட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். உட்கார்ந்து 300-லிருந்து 44-ஐக் கழித்தேன். 256. கம்ப்யூட்டர் படிக்கிற யாருக்கும் அந்த எண்ணைக் கண்டால் மூளையில் மணி அடிக்கும்.

மற்ற பிரிவு நண்பர்களுக்காகச் சொல்கிறேன். பைட் என்பது எட்டு சுவிட்ச் உள்ள ஒரு பலகை. வலது ஓரத்து சுவிட்சின் மதிப்பு 1, அடுத்தது 2, பிறகு 4, 8, 16, 32, 64, 128. எல்லாவற்றையும் போட்டால் கூட்டுத்தொகை 255. அதற்கு மேல் அந்தப் பலகையில் இடம் இல்லை. 300-ஐ எழுத வேண்டுமானால் ஒன்பதாவது சுவிட்ச் ஒன்று வேண்டும், அதன் மதிப்பு 256. 256-ம், 32-ம், 8-ம், 4-ம் சேர்ந்தால் 300. ஒன்பதாவது சுவிட்சை வெட்டி எறிந்துவிட்டால் மிச்சம் 32, 8, 4. அதாவது 44.

முதலில் நான் இதை மரக்கால் வழிவது போல என்று நினைத்தேன். அது தப்பு. மரக்கால் வழிந்தால் மரக்கால் நிறைந்தாவது இருக்கும், 255-ஆவது நின்றிருக்கும். கீழே சிந்திய நெல்லும் கண்ணுக்குத் தெரியும். இங்கே நடப்பது பழைய பைக்கின் கிலோமீட்டர் சக்கரம் சுற்றுவது போன்றது. 99,999 முடிந்ததும் 00,000 ஆகிவிடும். லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி புது வண்டி போலக் காட்டும். அப்படித்தான் இங்கே 255 வரைக்கும் சரி, 256 என்றால் 0, 257 என்றால் 1. அந்தப் புதன்கிழமை சரியாக 256 மூட்டை இறக்கியிருந்தால் என் புரோகிராம் அன்று அவர்கள் வேலைக்கே வரவில்லை என்று சொல்லியிருக்கும்.

சரி, இடம் போதவில்லை என்றால் ஜாவா சொல்ல வேண்டாமா? இங்கேதான் நான் ஏமாந்தேன். 'பைட்' வகை மாறி ஒன்றில் நேராக 300-ஐப் போட்டுப் பாருங்கள். மதிப்பு இழக்க நேரிடும் என்று கம்பைலர் அங்கேயே மறித்துவிடும். (ஜாவாவில் பைட் என்பது மைனஸ் 128 முதல் 127 வரைதான், அதனால் 200-ஐப் போட்டாலும் மறிக்கும்.) ஆனால் நான் பைட் மாறியே வைக்கவில்லை. மூட்டை எண்ணிக்கை 'இன்ட்', அதாவது 32 பிட். அதை 'ஃபைல் அவுட்புட் ஸ்ட்ரீம்' என்பதன் 'ரைட்' முறையிடம் கொடுத்தேன். அந்த ரைட் முறை வாங்கிக்கொள்வதும் இன்ட்தான். வாசலில் 32 பிட்டையும் உள்ளே விடுகிறது, ஃபைலில் எழுதுவது கடைசி எட்டு பிட்டை மட்டும். மேலே உள்ள 24 பிட்டும் கண்டுகொள்ளப்படாது என்று ஜாவாவின் கையேட்டிலேயே இருக்கிறது. ஒளித்து வைக்கவில்லை, நான்தான் படிக்கவில்லை. எரர் இல்லை, எக்ஸப்ஷன் இல்லை, ஒரு சத்தம் இல்லை. ஏற்றிய அன்று திரையில் 300 வந்ததற்கும் இதுதான் காரணம். திரை காட்டியது மெமரியில் இருந்த மாறியை. ஃபைலில் போனது 44.

ஒரே ஒரு பைட் எழுதுகிற முறைக்கு இன்ட் எதற்கு என்று கேட்டால், படிக்கிற பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். 'ரீட்' முறை 0 முதல் 255 வரை ஒரு எண் தரும், ஃபைல் முடிந்துவிட்டால் மைனஸ் 1 தரும். 256 மதிப்புகளோடு 'முடிந்தது' என்ற அடையாளமும் சேர்ந்தால் 257 ஆயிற்றே, அது ஒரு பைட்டுக்குள் அடங்காது. அதனால் ரீட் தருவது இன்ட். ரைட் வாங்குவதும் இன்ட் என்று இருந்தால் படித்ததை அப்படியே எழுதலாம், இடையில் வகை மாற்றம் செய்ய வேண்டியதில்லை. சி மொழியிலும் இதே ஏற்பாடுதான். எஃப்-புட்-சி வாங்குவது இன்ட், எழுதுவது ஒரு எழுத்து. இரண்டாம் ஆண்டு சி லேபில் நாம் எல்லாரும் கெட்-சார் தருவதை 'சார்' வகை மாறியில் வாங்கிப் பழகினோமே, அதுவும் இதே குடும்பத்துத் தப்புதான். சார் வகை மைனஸ் எண்ணையும் கொள்ளும் மெஷினாக இருந்தால், ஃபைலில் நடுவே 255 என்ற பைட் வந்ததும் மைனஸ் 1 என்று எடுத்துக்கொண்டு 'ஃபைல் முடிந்தது' என்று பாதியிலேயே நின்றுவிடும். நாம் ஆங்கில எழுத்து மட்டுமே உள்ள ஃபைலை வைத்துச் சோதித்ததால் யாரும் மாட்டவில்லை.

எல்லா மொழியும் இப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பதில்லை. பைத்தானில் 300-ஐ பைட்டாக மாற்றச் சொன்னால் மறுத்துவிடும், 0 முதல் 255 வரைதான் ஏற்பேன் என்று எரர் காட்டும். எனக்கென்னவோ அதுதான் நியாயமாகப் படுகிறது.

ஏன் மூன்று வாரம் சரியாக வந்தது என்பதையும் யோசித்தேன். அந்த மூன்று வாரத்தில் எந்த நாளும் 255 தாண்டவில்லை. அதற்கு முன்பு லேபில் சோதித்தது மதிப்பெண்ணை வைத்து. மதிப்பெண் நூறைத் தாண்டுமா? சபாஷ் வாங்கிய அன்றே அந்தத் தப்பு புரோகிராமுக்குள் உட்கார்ந்திருந்தது.

இதே போன்ற ஒன்று பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது என்று சார் சொல்லித்தான் தெரியும். 1996 ஜூன் 4-ம் தேதி, தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பியர்களின் ஏரியன் 5 ராக்கெட் முதல் முறையாகக் கிளம்பியது. சுமார் 40 வினாடியில் திசை மாறி உடைந்து வெடித்தது. பூமியைச் சுற்றியுள்ள காந்த மண்டலத்தை ஆராயச் செய்த கிளஸ்டர் செயற்கைக்கோள்கள் நான்கும் அதோடு போயின. ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையில் விசாரணைக்குழு போட்டார்கள், அடுத்த மாதமே அறிக்கை வந்தது. ராக்கெட்டின் நிலையையும் திசையையும் அளக்கும் கருவியின் புரோகிராமில், கிடைமட்ட வேகத்தோடு தொடர்புள்ள 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் ஒரு வரி இருந்தது. 16 பிட்டில் கொள்வது 32,767 வரைதான். வந்த எண் அதைவிடப் பெரியது.

அங்கே என் ஜாவா போல வாயை மூடிக்கொள்ளவில்லை. அந்தப் புரோகிராம் ஏடா மொழியில் எழுதியது. எக்ஸப்ஷன் எழுந்தது. ஆனால் எழுந்ததைப் பிடித்துச் சமாளிக்க அந்த இடத்தில் ஏற்பாடு இல்லை. கருவி தன்னையே நிறுத்திக்கொண்டது. மாற்றுக் கருவியிலும் அதே புரோகிராம்தான், அதுவும் அதே காரணத்தால் அதற்குச் சற்று முன்பே நின்றுபோயிருந்தது. நின்ற கருவி அனுப்பிய கோளாறுச் செய்தியை ராக்கெட்டின் கம்ப்யூட்டர் நிஜமான பயண விவரம் என்று எடுத்துக்கொண்டு திசையைத் திருப்பிவிட்டது.

என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறு ஒன்று. அந்தப் புரோகிராம் ஏரியன் 4-லிருந்து அப்படியே எடுத்துப் போட்டது. ஆபத்து வரக்கூடிய எண்கள் ஏழு என்று கண்டுபிடித்து நான்குக்குப் பாதுகாப்பு வைத்தார்கள். கம்ப்யூட்டருக்கு வேலைப்பளு கூடிவிடக் கூடாது என்று மூன்றை விட்டுவிட்டார்கள், அவை எல்லை தாண்டாது என்ற கணக்கில். ஏரியன் 4-ல் தாண்டவும் இல்லை. ஏரியன் 5 ஆரம்பத்திலேயே கிடைமட்ட வேகம் அதிகம் எடுக்கும் ராக்கெட். மதிப்பெண் புரோகிராமை மூட்டைக்குப் போட்ட என் வேலைக்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? அவர்கள் அதே ஆராய்ச்சிக்கு மறுபடி நான்கு செயற்கைக்கோள் செய்து 2000-ல் சோயுஸ் ராக்கெட்டுகளில் அனுப்பினார்கள்.

இனி, நான் எப்படிச் சரிசெய்தேன் என்பது. புரோகிராமை வரிவரியாக அச்சிட இங்கே இடம் இல்லை, வாயால் சொல்கிறேன். ஃபைல் ஸ்ட்ரீமின் மேல் 'டேட்டா அவுட்புட் ஸ்ட்ரீம்' என்ற ஒன்றை மாட்டி, 'ரைட் இன்ட்' முறையால் எழுதினேன். அது 32 பிட்டையும் நான்கு பைட்டாகப் பிரித்து, பெரிய மதிப்புள்ள பைட் முதலில் வரும்படி எழுதும். படிக்கும்போது 'ரீட் இன்ட்'. ஆறு நாள் ஃபைல் இப்போது 24 பைட். இதிலும் ஒரு குழி உண்டு. டேட்டா அவுட்புட் ஸ்ட்ரீமை மாட்டிவிட்டுப் பழக்கத்தில் வெறும் 'ரைட்' என்று எழுதினால் பழைய கதைதான், ஒரே பைட். நான் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். 'ரைட் ஷார்ட்' போட்டால் இரண்டு பைட். ஆனால் அதுவும் இன்டை வாங்கிக்கொண்டு மேல் பாதியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். 70,000-ஐக் கொடுத்தால் 4,464 வந்து நிற்கும்.

கையாலேயே பிரிக்கவும் செய்யலாம். எண்ணை எட்டு பிட் வலப்பக்கம் தள்ளி முதலில் ஒரு ரைட், பிறகு எண்ணை அப்படியே இன்னொரு ரைட். 300-க்கு முதலில் 1, அடுத்து 44 போகும். முன்பு என்னைக் கவிழ்த்த அதே வெட்டு, இங்கே நமக்கு வேலை செய்கிறது பாருங்கள். படிக்கும்போது முதல் பைட்டை எட்டு பிட் இடப்பக்கம் தள்ளி இரண்டாவதோடு சேர்க்க வேண்டும். 256-ம் 44-ம் மறுபடி 300. பைட் வரிசையில் படித்தால் மட்டும் இன்னொரு கவனம் வேண்டும். ஜாவாவின் பைட் மைனஸ் பக்கமும் போகும் என்பதால் 240 என்று எழுதியது மைனஸ் 16 என்று வந்து நிற்கும். 255-ஓடு 'அண்ட்' செய்து எடுத்தால் சரியாகிவிடும்.

நிஜமாகவே ஒரு பைட்தான் எழுத வேண்டும் என்ற இடமும் உண்டு. அப்படியானால் எழுதுவதற்கு முன் ஒரு 'இஃப்' போடுங்கள். 0-க்குக் கீழோ 255-க்கு மேலோ இருந்தால் எக்ஸப்ஷன் எறியட்டும். எறிந்ததைப் பிடிக்கவும் ஆள் வையுங்கள், இல்லாவிட்டால் ஏரியன் கதைதான். கணக்கு சிறியதாக இருந்தால் எண்ணை எழுத்தாகவே எழுதிவிடலாம். 'பிரின்ட் ரைட்டர்' கொண்டு எழுதினால் 3, 0, 0 என்று மூன்று எழுத்தாகப் போகும், ஃபைலைத் திறந்து கண்ணாலேயே படிக்கலாம். அங்கே 'பிரின்ட்' என்று எழுத வேண்டும். 'ரைட்' என்று எழுதினால் 65 என்ற எண்ணுக்குப் பதில் ஆங்கில 'ஏ' எழுத்து போய் உட்காரும்.

பழைய ஃபைலைப் புது புரோகிராமில் திறந்து பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். ரீட் இன்ட் முதல் நான்கு நாளையும் சேர்த்து ஒரே எண்ணாக விழுங்கிவிட்டு, மைனஸ் நூற்று இருபத்தாறு கோடி சொச்சம் மூட்டை என்றது. இரண்டாவது தடவை மிச்சம் இரண்டே பைட் இருந்ததால் ஃபைல் முடிந்தது என்று எக்ஸப்ஷன் எறிந்தது. ஆகவே எழுதும் முறையை மாற்றினால் படிக்கும் முறையையும் பழைய ஃபைலையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய ஃபைலை மாற்றுவதில்தான் எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது. 44 என்று இருப்பது 44 மூட்டையா, 300 மூட்டையா, 556 மூட்டையா? ஃபைலை எத்தனை தடவை திறந்து பார்த்தாலும் தெரியாது. அந்த ஒன்பதாவது பிட் ஃபைலுக்குள் போகவே இல்லை, பிறகு எங்கே தேடுவது? இருந்தது என் நோட்டிலும், மண்டிச் சுவரிலும்தான். நோட்டைக் கணக்கப்பிள்ளை ஏற்கவில்லை. "உங்க கம்ப்யூட்டரே 944-னு கூட்டிச் சொல்லுது, நீங்களே எழுதின நோட்டை எப்படிப்பா நம்புறது" என்று கேட்டார். கேட்டதில் தப்பு இல்லை.

கடைசியில் அப்பா அவரைச் சுவருக்கே கூட்டிப் போனார். நானும் கூடப் போனேன். அறுபது கட்டையும் கணக்கப்பிள்ளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பிறகு லாரிச் சீட்டுகளை எடுத்துப் புதன்கிழமைக்குரியதைக் கூட்டினார். 300. மிச்சம் 2,048 ரூபாயை எண்ணி அப்பா கையில் கொடுத்தார். நான்காகப் பிரித்தார்கள்.

இப்போது புரோகிராம் ரைட் இன்டில் ஓடுகிறது. வேண்டுமென்றே 255, 256, 300, 70,000 என்று கொடுத்துச் சோதித்துவிட்டுத்தான் மண்டிக்கு எடுத்துப் போனேன். ஆனாலும் அப்பா சுவரில் கோடு போடுவதை நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. சனிக்கிழமை சீட்டு எழுதுவதற்கு முன் இரண்டையும் ஒத்துப் பார்க்கிறோம். போன வாரம் மாமா, கிழிந்த மூட்டையை அரை மூட்டை என்று போட முடியுமா என்று கேட்டார். இன்டில் அரை கிடையாது. இதற்கு என்ன செய்வது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். புரோகிராம் வேண்டும் நண்பர்கள் லேபில் கடைசி வரிசையில் ஜன்னலோர மெஷினுக்கு வாருங்கள், அங்கேதான் இருப்பேன்.